இடையில் நின்று ஏந்திக் கொடுத்தவர்
ஹிராம் பெர்சி மாக்சிம் (1869 – 1936)



மார்க்கோனியை நமக்குத் தெரியும். ஜகதீஷ் சந்திர போஸைத் தெரியும். கம்யூனிகேஷன் பாடத்தில் ரிப்பீட்டர் என்று ஒரு கட்டம் போட்டு, இந்தப் பக்கம் ஒரு அம்பு, அந்தப் பக்கம் ஒரு அம்பு வரைந்து இரண்டு மார்க் வாங்கிவிடுகிறோம். அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உலகம் முழுக்க ஹாம் என்று சொல்லப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் அவரைத் தங்கள் மூத்த அண்ணனாக இன்றும் மதிக்கிறார்கள். அவர்தான் ஹிராம் பெர்சி மாக்சிம். அவர் வாழ்க்கையை நம் மலருக்காக எழுத ஆசைப்பட்டேன்.

வரப்பு விட்டு வரப்பு

முதலில் ரிப்பீட்டர் என்றால் என்ன என்று நம்ம ஊர்ப் பாஷையிலேயே பார்த்துவிடுவோம். வீராணத்துப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு இது புதுசு இல்லை. மதகுப் பக்கம் நிற்பவர் தண்ணீர் திறந்தாச்சு என்று குரல் கொடுப்பார். கடைமடையில் இருப்பவர் காதுக்கு அது எட்டாது. நடு வரப்பில் ஒருத்தர் நிற்பார். அவர் அதைக் காதில் வாங்கி, கடைமடைப் பக்கம் திரும்பி, அதே சேதியைத் திரும்பச் சொல்வார். இவர் வார்த்தையைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். இவர்தான் ரிப்பீட்டர்.

வானொலியிலும் இதேதான். ஒரு பெட்டி, உயரமான இடத்தில் உட்கார்ந்து, ஓர் அலைவரிசையில் வரும் மெல்லிய குரலை வாங்கி, அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும். கையில் 5 வாட் செட் வைத்திருப்பவர் குரலும் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

இப்போது அந்தப் பெட்டி தானாக இயங்குகிறது. ஆனால் முதன்முதலில் அந்த வேலையைச் செய்தது பெட்டி இல்லை, மனுஷங்க. அவர்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவர்தான் நம் கதாநாயகர்.

துப்பாக்கிக்காரர் வீட்டுப் பிள்ளை

1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி அமெரிக்காவில், நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் மாக்சிம் பிறந்தார். அப்பா பெயர் ஹிராம் ஸ்டீவன்ஸ் மாக்சிம். மாக்சிம் துப்பாக்கி என்ற இயந்திரத் துப்பாக்கியை 1884 வாக்கில் உருவாக்கி உலகத்தையே நடுங்க வைத்தவர் அவர். சித்தப்பா ஹட்சன் மாக்சிம் வெடிமருந்து ஆராய்ச்சியில் பேர் பெற்றவர்.

அப்பா மேதை. ஆனால் அந்த மேதைமை வீட்டுக்கு நிழல் தரவில்லை. 1881-இல் வேலையாக ஐரோப்பாவுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். மனைவி மக்கள் அமெரிக்காவில். அப்போது நம் மாக்சிமுக்கு வயது சுமார் 12. பிற்காலத்தில் தன் அப்பாவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதில் சின்ன வயதில் அப்பாவோடு இருந்த நாட்களை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். கசப்பைக் கொட்டவில்லை. அப்பா போனது போனதுதான் என்று பிள்ளை தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டார்.

பாஸ்டனில் இருந்த எம்.ஐ.டி.யின் தொழிற்கலைப் பள்ளியில் சேர்ந்து 1886-இல் படித்து முடித்தார். அப்போது அவருக்கு வயது 16! தோழர்களே, அந்தப் பள்ளிப் படிப்பு பட்டறை வேலையும் பாடமும் கலந்தது. கிட்டத்தட்ட நம்ம டிப்ளமோ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ரம்பமும் அரமும் பிடித்த கைதான் பின்னால் உலகத்தையே இணைத்தது.

படிப்பு முடிந்து தொழிற்சாலைகளில் வேலை. மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் நகரில் குண்டு தயாரிக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தபோது, 1892-இல் ஒரு நாள் இரவு சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். இந்தச் சைக்கிளை மிதிக்காமலே ஓட்ட ஓர் இயந்திரம் இருந்தால் என்ன என்று யோசனை வந்தது. உடனே வேலையில் இறங்கிவிட்டார். காலித் தோட்டாக் குப்பியில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டுத் தீக்குச்சியைப் போட்டு, எப்படி வெடிக்கிறது என்று பார்த்தார். (நண்பர்களே, நீங்கள் செய்து பார்க்காதீர்கள்!) கடைசியில் ஒரு மூன்று சக்கர சைக்கிளில் தன் கையால் செய்த என்ஜினைப் பூட்டினார். அந்த வேலையைப் பார்த்துத்தான் 1895-இல் ஹார்ட்ஃபோர்டு நகரத்து போப் கம்பெனி தன் மோட்டார் வண்டிப் பிரிவுக்கு அவரை அழைத்துக்கொண்டது.

1908-இல் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலென்சரை உருவாக்கினார். 1909-இல் காப்புரிமை கிடைத்தது. அப்பா செய்தது ஊரே கேட்கும்படி முழங்கும் துப்பாக்கி, பிள்ளை செய்தது அந்தச் சத்தத்தை விழுங்கும் குழல்! அதே தத்துவத்தை என்ஜின் புகைபோக்கிகளுக்கும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் கொண்டு போனார் மாக்சிம். கையில் காசு வந்தது, பேரும் வந்தது. இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டியதே இல்லை.

எட்டாத ஸ்பிரிங்ஃபீல்டு

நாற்பது வயதுக்கு மேல்தான் வானொலிப் பித்துப் பிடித்தது, அதுவும் தன் பையனோடு சேர்ந்து. அந்தக் காலத்து வானொலி என்றால் பாட்டு கேட்பது இல்லீங்க. தீப்பொறி பறக்கும் ஸ்பார்க் செட்டில் மோர்ஸ் தட்டுவது.

1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு அமெரிக்க அரசு ஒரு வானொலிச் சட்டம் போட்டது. அமெச்சூர்கள் 200 மீட்டரும் அதற்குக் கீழும் உள்ள அலைநீளத்தில்தான் இயங்க வேண்டும், 1 கிலோவாட்டுக்கு மேல் போகக் கூடாது. அன்றைய நிபுணர்கள் கணக்குப்படி நீண்ட அலைதான் தூரம் போகும், 200 மீட்டருக்குக் கீழே உள்ளது எதற்கும் உதவாத தரிசு. அந்தத் தரிசைத்தான் அமெச்சூர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தார்கள்!

1914 ஏப்ரல். ஹார்ட்ஃபோர்டில் இருந்த மாக்சிமுக்கு ஆடியான் என்ற புது வகை வால்வு ஒன்று தேவைப்பட்டது. சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒரு அமெச்சூரிடம் அது விலைக்கு இருந்தது. வானொலியிலேயே கேட்டுவிடலாம் என்று தட்டினார். 1 கிலோவாட் நிலையம்தான் வைத்திருந்தார். ஆனாலும் அன்று இரவு போய்ச் சேரவில்லை. இவரிடம் பணம் இருந்தது, படிப்பு இருந்தது, பெரிய செட் இருந்தது. ஒன்றும் பலிக்கவில்லை. நம்ம நெய்வேலியிலிருந்து சிதம்பரம் போகிற தூரம்தான் அது.

அப்போதுதான் இரண்டு ஊருக்கும் இடையில் வின்ட்சர் லாக்ஸ் என்ற ஊரில் ஒரு அமெச்சூர் இருப்பது நினைவுக்கு வந்தது. அவரைக் கூப்பிட்டார். அவர் சேதியை வாங்கி ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் தட்டினார். போய்ச் சேர்ந்துவிட்டது!

வேறொருவராக இருந்தால் வால்வு கிடைத்த சந்தோஷத்தில் மறந்திருப்பார். மாக்சிம் மறக்கவில்லை. ஒரு ஊரைத் தாண்ட ஓர் ஆள் போதும் என்றால், ஊருக்கு ஓர் ஆள் இருந்தால் நாட்டையே தாண்டிவிடலாமே என்று கணக்குப் போட்டார்.

ரிலே லீக் பிறந்தது

ஹார்ட்ஃபோர்டு வானொலிக் கழகத்தில் இந்த யோசனையை வைத்தார். 1914 ஏப்ரல் – மே மாதத்தில் அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் என்ற அமைப்பு உருவானது. பெயரைக் கவனியுங்கள், நடுவில் ரிலே என்று நிற்கிறது. இதில் அவருக்குத் தோள் கொடுத்த கிளாரன்ஸ் டஸ்கா நம்ம வயதுப் பையன். மாக்சிமுக்கோ வயது 44. பெரிய தொழிலதிபர் ஒருவர், ஒரு பையனைப் பக்கத்தில் சரிசமமாக உட்கார வைத்துக்கொண்டு தேசிய அமைப்பு ஒன்றைத் தொடங்கியதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து அவர்கள் செய்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆள் இருக்கிறாரா என்று தெரியாமல் ரிலே எப்படி நடக்கும்? தங்களுக்குத் தெரிந்த அமெச்சூர்களுக்கெல்லாம் விண்ணப்பத் தாள் அனுப்பினார்கள். வந்த விவரங்களைத் தொகுத்து அந்த ஆண்டே ஒரு பட்டியல் புத்தகம் போட்டார்கள். நிலையத்தின் அழைப்புக் குறி, சக்தி, எட்டும் தூரம், எத்தனை வேகத்தில் மோர்ஸ் வாங்குவார், எந்த நேரத்தில் செட் முன்னால் இருப்பார் என்றெல்லாம் அதில் இருந்தது. பெயரை மட்டும் போட்டு வைத்தால் பிரயோஜனம் இல்லை, எப்போது விழித்திருப்பார் என்பதுதான் முக்கியம் என்று அவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள்.

1915 டிசம்பரில் கியூ.எஸ்.டி. என்ற பத்திரிகை தொடங்கியது. 1917 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு சேதி, கைமாறிக் கைமாறி மேற்குக் கரையில் இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய், பதில் திரும்பி வந்து சேர 1 மணி 20 நிமிடம்தான் ஆனது. 40 கிலோமீட்டர் தாண்ட முடியாமல் தவித்ததற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து!

பூட்டு விழுந்த காலம்

அதே 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அமெச்சூர் நிலையங்கள் அத்தனைக்கும் பூட்டு. ஆன்டெனாவை இறக்கச் சொல்லி உத்தரவு. லீக்கில் இருந்த பையன்கள் பலர் ராணுவத்துக்கும் கடற்படைக்கும் வானொலி இயக்குபவர்களாகப் போனார்கள்.

போர் முடிந்தது, பூட்டு திறக்கவில்லை. வானொலி முழுவதையும் கடற்படையின் கையில் கொடுத்துவிடலாம் என்று 1918-இல் ஒரு மசோதா வந்தது. அது நிறைவேறியிருந்தால் அமெச்சூர் என்ற ஜாதியே அழிந்திருக்கும். மாக்சிம் விடவில்லை. வாஷிங்டனுக்குப் போய்க் குழுவின் முன் வாதாடினார். நாடு முழுக்க இருந்த அமெச்சூர்களும் அவர்கள் வீட்டாரும் தங்கள் பிரதிநிதிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். மசோதா படுத்தது. 1919-இல் மறுபடியும் செட்டுகள் உயிர் பெற்றன. பணமும் செல்வாக்கும் உள்ளவர் தன் ஒரு செட்டுக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் அத்தனை பேருக்கும் கேட்டு வாங்கினார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. உதவாத தரிசு என்று ஒதுக்கிய அந்தக் குற்றலையில்தான் பொன் விளைந்தது! 1921 டிசம்பரில் லீக் அனுப்பிய பால் காட்லி ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊரான ஆர்ட்ராசனில் கூடாரம் போட்டு உட்கார்ந்து, அட்லாண்டிக் சமுத்திரம் தாண்டி வந்த அமெரிக்க அமெச்சூர்களின் சமிக்ஞைகளைக் கேட்டார். 1923 நவம்பரில் சுமார் 110 மீட்டரில் பிரான்ஸ் நாட்டு அமெச்சூரோடு இரு பக்கமும் பேச்சே நடந்தது. 1925-இல் பாரிஸில் சர்வதேச அமெச்சூர் ரேடியோ சங்கம் உருவானது. முதல் தலைவர் மாக்சிம்தான்.

யார் அந்தக் கிழவனார்?

கியூ.எஸ்.டி. பத்திரிகையில் கிழவனார் என்ற பொருளில் தி ஓல்டு மேன் என்று கையெழுத்துப் போட்டு ஒருவர் எழுதி வந்தார். கண்ட நேரத்தில் குறுக்கே புகுந்து தட்டுபவர்கள், அடுத்தவர் பேச வழி விடாதவர்கள், அழைப்புக் குறியைச் சொல்லாமல் கத்துபவர்கள் எல்லோரையும் அவர் கிழி கிழி என்று கிழிப்பார். இப்படிப்பட்டவர்களைத் தண்டிக்க வூஃப் ஹாங் என்று ஒரு கற்பனை ஆயுதத்தையும் சொல்லிப் பயமுறுத்துவார். ஆள் யார் என்று வாசகர்கள் மண்டையைக் குடைந்துகொண்டார்கள். மாக்சிம் இறந்த பிறகுதான் அது அவரே என்று வெளியில் தெரிந்தது!

சிரிக்கச் சிரிக்கச் சொன்னாலும் விஷயம் பெரியது. ரிலே என்பது நம்பிக்கையில் நடப்பது. நடுவில் இருப்பவர் கூட்டிக் குறைத்தாலோ, தூங்கிவிட்டாலோ, வழி மறித்தாலோ சங்கிலி அறுந்துவிடும்.

1936-இல் வானாராய்ச்சி நிலையம் ஒன்றைப் பார்க்க மனைவியோடு ரயிலில் போய்க்கொண்டிருந்தவர், வழியில் நோய்வாய்ப்பட்டு, கொலராடோ மாநிலத்து லா ஹன்ட்டா என்ற ஊரில் பிப்ரவரி 17-ஆம் தேதி காலமானார். வயது 66. அவர் பயன்படுத்திய டபிள்யூ1ஏடபிள்யூ என்ற அழைப்புக் குறியை லீக் தன் தலைமை நிலையத்துக்கே வைத்தது. இன்றும் அந்தப் பெயரில் ஒலிபரப்பு நடக்கிறது.

ஆளுக்குப் பதில் பெட்டி

அவர் காலத்துக்குப் பிறகு வி.எச்.எஃப். என்ற மீயுயர் அதிர்வெண் செட்டுகள் வந்தன. இந்தியாவில் அமெச்சூர்கள் அதிகம் புழங்கும் 2 மீட்டர் பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. செட் கைக்கு அடக்கம். பேச்சும் தெளிவு. ஒரே சிக்கல், இந்த அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். எதிரே மலை இருந்தால் முட்டிக்கொள்ளும்.

ஒரு சின்னக் கணக்கு. ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அது எட்டும் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 16 மீட்டர் கம்பத்துக்கு 16½ கிலோமீட்டர். 1500 மீட்டர் மலை உச்சிக்கு சுமார் 160 கிலோமீட்டர். சமவெளியில் கையில் செட்டோடு நிற்பவருக்கு 5 கிலோமீட்டர்தான். நம்ம வளையமாதேவிப் பக்கம் மலை என்று சொன்னால் சுரங்கத்து மேல்மண் மேடுதான்! அதனால்தான் ரிப்பீட்டரை ஏற்காடு, கொடைக்கானல் மாதிரி மலை மேல் கொண்டு போய் வைத்தார்கள். நடு வரப்பு ஆள் மலை உச்சிக்கு ஏறிவிட்டார், அவ்வளவுதான்.

கல்வராயன் மலைக்கோ கொல்லிமலைக்கோ போகிறவர்களுக்குத் தெரியும், பல வளைவுகளில் செல்போனில் சிக்னல் கோடே இருக்காது. லைசென்ஸ் உள்ளவர் கையில் ஹாம் செட் இருந்தால் அங்கே அது உயிர் காக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: பக்கத்து ரிப்பீட்டர் வேலை செய்ய வேண்டும். பட்டியலில் பேர் இருக்கும், பெட்டி இடி விழுந்து ஊமையாகிக் கிடக்கும். 1914-இல் மாக்சிம் கேட்ட அதே கேள்வியைத்தான் நாமும் கேட்க வேண்டும். யார் விழித்திருக்கிறார்?

அதற்கு வழி இதுதான். கிளம்பும் முன்பே அந்த மாவட்டத்து ஹாம்களிடம் கேட்டு, சமீபத்தில் பேசிப் பார்த்தவர் யார் என்று விசாரியுங்கள். பட்டியலைப் பார்த்தால் அது எந்தத் தேதியில் திருத்தியது என்று முதலில் பாருங்கள். ரிப்பீட்டர் அனுப்பும் அலைவரிசை, நாம் அனுப்ப வேண்டிய அலைவரிசை (2 மீட்டரில் பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் இருக்கும்), திறக்கும் தொனி, இந்த மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தொனி தப்பினால் ரிப்பீட்டர் நம்மைக் கண்டுகொள்ளாது, செத்துப் போச்சு என்று தப்பாக நினைத்துவிடுவோம். அங்கே போனதும் முதலில் கேளுங்கள். பிறகு அழைப்புக் குறியைச் சொல்லி பட்டனை விடுங்கள். விட்ட பிறகும் ஓரிரு நொடி அதன் அலை நீடித்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது. பதில் இல்லாவிட்டால் பள்ளத்தை விட்டு மேட்டுக்கு ஏறி மறுபடி முயலுங்கள். கூட வருகிறவரோடு ரிப்பீட்டர் இல்லாமல் நேராகப் பேச ஒரு அலைவரிசையை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். பேட்டரி ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

நம் நாட்டில்

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஆர்வலர்களால் தொடங்கி ஒலிபரப்பும் செய்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, வானொலி நிகழ்ச்சிக்காக போர்ட் பிளேரில் இருந்த இந்திய ஹாம்கள் அந்தமானிலிருந்து சேதி அனுப்பி எத்தனையோ குடும்பங்களின் தவிப்பைத் தணித்தார்கள்.

2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய ஹாம்சாட், வானத்திலேயே சுற்றி வந்த ரிலே நிலையம். 2014 வரை வேலை செய்தது. அதில் இருந்த இரண்டு ரிலே கருவிகளில் ஒன்றை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டுப் பொறியியல் மாணவர் ஒருவர். ஆமாம் தோழர்களே, மாணவர்தான்!

நம்ம கடலூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பமும் செல்போன் கோபுரமும் ஒன்றாகப் படுத்தன. எனக்கு அப்போது நாலு வயது. பண்ருட்டியில் இருக்கும் அத்தை உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள, விழுந்து கிடந்த முந்திரி மரங்களைத் தாண்டி அப்பா சைக்கிளில் போய்ப் பார்த்து வந்ததை எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். இடையில் ஒரு ஆள், கையில் ஒரு செட், ஒரு கார் பேட்டரி இருந்திருந்தால் அந்தச் சேதி சில நிமிடத்தில் வந்திருக்கும்.

லைசென்ஸ் இல்லாமல் இந்தச் செட்டை வைத்திருக்கக் கூடாது, பட்டனை அழுத்தவும் கூடாது. மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு இதற்காகத் தேர்வு நடத்துகிறது. நாம் படிக்கிற மின்னணுவியலும், கூடக் கொஞ்சம் விதிமுறையும்தான் பாடம். கீழ்நிலை லைசென்ஸுக்கு மோர்ஸும் வேண்டாம். பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போல இந்த வளாகத்தில் நிறைய பேர் இருக்கிறீர்கள். எவ்வளவு பெரிய செட் இருந்தாலும் தனி ஆளால் 40 கிலோமீட்டரைக்கூடத் தாண்ட முடியவில்லை, இடையில் ஒருத்தர் நின்றதும் கண்டமே சின்னதாகிவிட்டது என்பதுதான் மாக்சிம் வாழ்க்கை நமக்குச் சொல்வது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். நம் கல்லூரியில் பத்து பேர் சேர்ந்து தேர்வு எழுதி, ஒரு ஹாம் கழகம் தொடங்கினால், அடுத்த புயலில் நம் மாவட்டத்தில் விழித்திருக்கும் நிலையங்களின் பட்டியலில் நம் பெயரும் இருக்கும். சேர விருப்பம் உள்ளவர்கள் எலக்ட்ரானிக்ஸ் லேபுக்கு வாருங்கள், பேசுவோம்.

வாழ்க மாணவர் ஒற்றுமை!

— இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை, வளையமாதேவி